மூவாயிரம் சொல் மனப்பாடம் செய்தும் ஜிஆர்இ வெர்பலில் 146: இரண்டாம் முறைக்கு முன் என்ன மாற்றினேன்

2024 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மதியம் தேர்வு மையத்துக் கணினித் திரையில் என் ஜிஆர்இ மதிப்பெண் வந்தது. அமெரிக்கா மாதிரி வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க எழுதுகிற தேர்வு அது. கணிதத்தில் 163. ஆங்கிலத்தில், அதாவது வெர்பல் பகுதியில், 146. இரண்டுமே 130 முதல் 170 வரையிலான அளவில் போடுவது, அதனால் 146 என்றால் அடிமட்டத்திலிருந்து 16 புள்ளிதான் மேலே. ஐந்து மாதம் தினமும் விடிகாலை எழுந்து சொல் மனப்பாடம் செய்திருந்தேன். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஆங்கிலமே வராது போல, தமிழ் மீடியத்தில் படித்ததற்கு இதுதான் எல்லை போல என்று நினைத்துவிட்டேன். அது தப்பு. அதே வருடம் ஆகஸ்டில் மறுபடி எழுதினேன், 157 வந்தது, கட்டுரைக்கு முதல் முறை 3, இரண்டாம் முறை 4. நடுவில் இருந்த ஏழு மாதத்தில் நான் புதிதாகப் படித்த சொற்கள் மிகக் குறைவு. மாறியது வேறு. என்னைப் போல ஊரிலிருந்து தமிழ் மீடியத்தில் படித்து வந்து இந்தத் தேர்வை எழுத நினைக்கிற யாருக்காவது உதவும் என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம், அப்புறம் சிவில் இன்ஜினியரிங், சென்னையில் வேலை, சைதாப்பேட்டையில் ஹாஸ்டல். நீர்வளத் துறையில் அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் படிக்க வேண்டும் என்பது கல்லூரி இரண்டாம் வருடத்திலிருந்தே இருந்த ஆசை. தேர்வுக்கட்டணம் மட்டும் 22,000 ரூபாய்க்கு மேல். "இம்புட்டு ரூபா கட்டியா பரீட்சை எழுதணும் தாயி?" என்று அப்பா கேட்டார், கேட்டுவிட்டு மறுவாரம் அனுப்பியும் வைத்தார். அந்தப் பணம் மனதில் இருந்ததால்தான் 146 அவ்வளவு வலித்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் இதைத் தாமதமாகத்தான் செய்தேன். படிக்க ஆரம்பிக்கும் முன் நீங்கள் விண்ணப்பிக்கப்போகும் ஒவ்வொரு துறையின் சேர்க்கைப் பக்கத்தையும் திறந்து, ஜிஆர்இ கேட்கிறார்களா என்று பாருங்கள். 2020க்குப் பிறகு நிறையத் துறைகள் அதை விட்டுவிட்டன. ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு துறை கேட்கும், பக்கத்துத் துறை கேட்காது. நான் விண்ணப்பித்த ஏழில் மூன்று துறைகளுக்கு அது தேவையே இல்லை.

சரி, முதல் முறை என்ன தப்பாகப் போனது?

ஒரு கோச்சிங் சென்டரில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். முதல் நாளே மூவாயிரத்துக்கு மேல் சொற்கள் உள்ள ஒரு ஜெராக்ஸ் கட்டைக் கொடுத்து, தினம் ஐம்பது என்றார்கள். கல்லூரி சீனியர்களும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். பிறகுதான் அந்தப் பட்டியலின் வரலாறு எனக்குப் புரிந்தது. 2011 ஆகஸ்ட் வரை இந்தத் தேர்வில் எதிர்ச்சொல் கேள்விகள் இருந்தன, இரண்டு சொற்களுக்கு உள்ள உறவை வேறு இரண்டு சொற்களோடு பொருத்தும் கேள்விகளும் இருந்தன. சொல் தெரிந்தால் விடை, தெரியாவிட்டால் இல்லை. அந்தத் தேர்வுக்கு அந்தப் பட்டியல் சரி. 2011இல், தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனம் அந்த இரண்டு வகையையும் எடுத்துவிட்டது, 800க்குப் போட்ட மதிப்பெண்ணும் அப்போதுதான் 170க்கு மாறியது. இப்போது உள்ள எல்லாக் கேள்வியும் ஒரு வாக்கியத்துக்குள்ளோ பத்திக்குள்ளோதான் வரும். தேர்வு மாறிவிட்டது, பட்டியல் மட்டும் கைமாறிக் கைமாறி வந்துகொண்டே இருக்கிறது. போதாததற்கு 2023 செப்டம்பர் 22 முதல் தேர்வையே பாதியாகச் சுருக்கிவிட்டார்கள். நாலு மணி நேரத்தை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது 1 மணி 58 நிமிடமாகிவிட்டது. எங்கள் சென்டரில் வைத்த மாதிரித் தேர்வுகள் பழைய அளவிலேயே இருந்தன, நான் அதற்குத்தான் பழகிப்போயிருந்தேன்.

146க்குப் பிறகு இரண்டு வாரம் புத்தகத்தைத் தொடவில்லை. அப்புறம் ஒரு ஞாயிறு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கிற பகுதியில் உட்கார்ந்து, அதுவரை நான் தப்பாகப் போட்டிருந்த வெர்பல் கேள்விகளில் அறுபதை எடுத்து ஒவ்வொன்றும் ஏன் தப்பானது என்று ஒரு நோட்டில் எழுதினேன். சொல் தெரியாததால் தப்பானவை பதினேழு. மீதி நாற்பத்து மூன்றிலும் எல்லாச் சொல்லும் எனக்குத் தெரிந்தவை. வாக்கியத்தைத்தான் தப்பாகப் படித்திருந்தேன். அந்த ஒரு மதியம் எனக்கு ஐந்து மாதக் கோச்சிங்கை விடப் பெரிதாக இருந்தது. நீங்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இந்தக் கணக்கை மட்டும் எடுத்துப் பாருங்கள், உங்கள் எண்ணிக்கை வேறாக இருக்கலாம், ஆனால் எங்கே உழைக்க வேண்டும் என்பது அதில் தெரிந்துவிடும்.

ஏன் தப்பாகப் படித்தேன் என்று யோசித்தபோது ஒரு விஷயம் பிடிபட்டது. தமிழில் ஒரு பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டியதை எல்லாம் பெயருக்கு முன்னாலேயே சொல்லிவிடுவோம். 'நேற்று மதுரையிலிருந்து வந்த, காலில் அடிபட்ட பையன்' என்று எல்லாம் முடிந்த பிறகு பையன் வருவான், அவன் வந்ததும் வினை பக்கத்திலேயே கிடைத்துவிடும். ஆங்கிலத்தில் பையன் முதலில் வந்துவிடுவான், அவனைப் பற்றிய தகவல் ஹூ, விச், தட் என்று பின்னால் வால் போல நீளும், அந்த வாலுக்குள் இன்னொரு வால் இருக்கும், கடைசியில் வினைச்சொல் வரும்போது அது யாருடைய வினை என்பதே மறந்திருக்கும். ஜிஆர்இ பத்திகள் முழுக்க இப்படிப்பட்ட வாக்கியங்கள்தான். நான் பாதி வாக்கியத்தில் எழுவாயைத் தொலைத்துவிட்டு, தெரிந்த சொற்களை வைத்து ஒரு அர்த்தத்தை நானாகக் கட்டிக்கொண்டிருந்தேன்.

இதற்கு நான் செய்தது ரொம்ப எளிமையானது. தினம் ஒரே ஒரு பத்தி. பென்சிலால் ஒவ்வொரு வாக்கியத்திலும் வாலை அடைப்புக்குள் போட்டுவிட்டு, மீதமுள்ள எலும்புக்கூட்டை மட்டும் 'யார், என்ன செய்தார்' என்று தமிழில் வாய்விட்டுச் சொல்வேன். பிறகு வாலைச் சேர்த்துச் சொல்வேன். முதல் வாரம் ஒரு பத்திக்கு இருபது நிமிடம் ஆனது. ஆறாவது வாரத்தில் பென்சில் தேவைப்படவில்லை. தேர்வில் திரையில்தான் படிக்க வேண்டும், கோடு போட முடியாது, அதனால் கடைசி இரண்டு மாதம் எல்லாவற்றையும் லேப்டாப்பில் படித்தேன்.

எதைப் படிப்பது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நாளிதழ்த் தலையங்கம் படி என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் மூன்று மாதம் தி ஹிந்து தலையங்கம் படித்தேன். ஆங்கிலப் பழக்கத்துக்கு அது நல்லதுதான், ஆனால் தேர்வில் வரும் பத்திகளின் நடை வேறு. அங்கே ஒரு ஆய்வாளர் சொன்னதை இன்னொருவர் மறுப்பார், மூன்றாமவர் இரண்டிலும் பாதி சரி என்பார். உயிரியல், ஓவிய வரலாறு, பெண்கள் வரலாறு, நிலவியல் என்று எங்கிருந்து வேண்டுமானாலும் வரும். அந்த நடைக்குக் குவாண்டா, ஏயான், ஜேஸ்டோர் டெய்லி என்கிற மூன்று ஆங்கில இணைய இதழ்களும் எனக்கு உதவின. மூன்றுமே இலவசம். எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத தலைப்பாகப் பார்த்துத்தான் எடுப்பேன், ஏனென்றால் தேர்வில் பிடித்த தலைப்பு வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

பிடித்த தலைப்பு வந்தால் அதிலும் ஆபத்து இருக்கிறது. ஒரு பயிற்சித் தேர்வில் நிலத்தடி நீர் பற்றி ஒரு பத்தி வந்தது. என் துறை. சந்தோஷமாகப் பாய்ந்து மூன்று கேள்விக்கும் எனக்குத் தெரிந்ததை வைத்து விடை போட்டேன், இரண்டு தப்பு. நான் தேர்ந்தெடுத்த விடைகள் உலகத்தில் உண்மை, ஆனால் அந்தப் பத்தியில் இல்லை. அன்றிலிருந்து ஒரு விடையைத் தொடும் முன் அதற்கு ஆதாரமான வரி எது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறதா என்று பார்ப்பேன். காட்ட முடியாவிட்டால் அது விடை இல்லை. 'எப்போதும்', 'ஒருபோதும்', 'மட்டுமே' மாதிரியான பலமான சொல் உள்ள ஆப்ஷனையும், முதல் பாதி சரியாக இருந்து பின் பாதியில் வழுக்குகிற ஆப்ஷனையும் இரண்டாம் முறை படிக்காமல் தொட மாட்டேன்.

கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகளுக்கு எனக்கு மிகவும் கைகொடுத்தது, ஆப்ஷனைக் கையால் மறைத்துக்கொள்வது. உதாரணத்துக்கு இப்படி ஒரு வாக்கியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 'எப்போதும் ____ என்று பெயரெடுத்த அந்த விஞ்ஞானி, அன்றைய கூட்டத்தில் மட்டும் தன் சிறுவயதுக் கதைகளை ஒரு மணி நேரம் மனம்விட்டுப் பேசினார்.' கோட்டில் என்ன வரும்? 'அதிகம் பேசாதவர்'. இதை முதலில் தமிழிலேயே மனதில் எழுதிவிட வேண்டும், அப்புறம்தான் கையை எடுக்க வேண்டும். அப்போது டாசிடர்ன், ரெட்டிசன்ட் மாதிரிச் சொல் தானாகக் கண்ணில் படும். முதலில் ஆப்ஷனைப் பார்த்தால் ஐந்து சொல்லும் ஐந்து பக்கம் இழுக்கும், விஞ்ஞானி என்பதால் 'புத்திசாலி' என்கிற சொல் வந்து நிற்கும், அதைப் போட்டுவிடுவோம். வாக்கியத்தைத் திருப்புகிற சொல் எது என்று பார்ப்பதுதான் முழு வேலையும். ஆல்தோ, டிஸ்பைட், யெட் எல்லாம் நம் 'இருந்தாலும்' தான். ஆனால் 'இஃப் எனிதிங்', 'ஃபார் ஃப்ரம்', 'பிலை' (belie) மாதிரி ஓசையில்லாமல் திருப்புகிறவை சில உண்டு, அவற்றைத் தனிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். அரைப்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் பின்னால் வருவது பெரும்பாலும் முன்னால் சொன்னதன் விளக்கம், கோடு முன்பாதியில் இருந்தால் விடை பின்பாதியில் கிடக்கும்.

இரண்டு அல்லது மூன்று கோடு உள்ள கேள்வியில் எல்லாம் சரியாக இருந்தால்தான் மதிப்பெண், பாதிக்குப் பாதி கிடையாது. ஆறு சொல்லில், வாக்கியத்துக்கு ஒரே பொருளைத் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வகையில் ஒரு பொறி இருக்கிறது: ஒரே பொருள் தரும் இரண்டு சொற்களை வாக்கியத்துக்குப் பொருந்தாதபடி வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். ஜோடியைத் தேடிப் போனால் அதில் விழுவோம். முதலில் வாக்கியம், பிறகுதான் ஜோடி.

சொல் படிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆயிரம் சொல் அளவில் நன்றாகத் தெரிந்திருந்தால் போதும் என்பது என் கணிப்பு. ஆனால் படிக்கும் விதத்தை மாற்றினேன். ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் எழுதுவதை விட்டுவிட்டு, ஊரில் பேசுகிற தமிழ்ச் சொல்லை எழுதினேன். ஆப்சிக்வியஸ் என்றால் கூழைக்கும்பிடு போடுகிறவர். ப்ராடிகல் என்றால் ஊதாரி. கராலஸ் என்றால் ஓயாமல் வளவளக்கிறவர். மெர்க்யூரியல் என்றால் நேரத்துக்கொரு குணம். ஒவ்வொன்றுக்கும் எங்கள் தெருவில் ஒரு ஆள் இருக்கிறார், அந்த முகம் வந்துவிட்டால் சொல் மறக்காது. மூன்று தடவை படித்தும் நிற்காத சொற்கள் ஒரே நாளில் நின்றன.

கஷ்டமான சொற்களைவிட, தெரிந்தது போலவே இருக்கிற சொற்கள்தான் என்னை அதிகம் ஏமாற்றின. இதற்குத் தனி நோட்டுப் போடுங்கள். குவாலிஃபை என்றால் தகுதி பெறுவது என்றுதான் நமக்குத் தெரியும், இந்தத் தேர்வில் அது பெரும்பாலும் ஒரு கூற்றுக்கு வரம்பு போட்டு அடக்கிச் சொல்வது. டெம்பர் வினையாக வந்தால் தணிப்பது. செக், அரெஸ்ட் இரண்டுமே தடுத்து நிறுத்துவது. பெடஸ்ட்ரியன் என்றால் பாதசாரி மட்டுமில்லை, சுவாரசியமே இல்லாத சாதாரணமான எழுத்தையும் அப்படிச் சொல்வார்கள். வான்ட் என்றால் இல்லாமை. எகானமி என்றால் சிக்கனம். லோன் சாங்க்ஷன் ஆயிடுச்சா என்று தினமும் கேட்கிறோம், அதே சாங்க்ஷன் தண்டனைக்கும் வரும். எனர்வேட் என்பதைக் கேட்டால் எனர்ஜி கொடுப்பது போல இருக்கும், பொருள் நேர் எதிர், சோர்ந்துபோக வைப்பது. டிஸ்இன்ட்ரஸ்டட் என்றால் ஆர்வமில்லாதவர் என்று நினைத்து முதல் தேர்வில் விட்டேன், அது பக்கம் சாராத நடுவுநிலை.

பயிற்சிக் கேள்விகளைப் பற்றி என் கருத்து கறாரானது: வெர்பலுக்கு இடிஎஸ் வெளியிட்ட கேள்விகள் மட்டும்தான். மற்றவர்கள் எழுதிய கேள்விகளில் சொல் கடினமாக இருக்கும், ஆனால் தர்க்கம் இறுக்கமாக இருக்காது, இரண்டு விடை சரி போலத் தோன்றும், அதில் பழகினால் நம் காதே கெட்டுப்போகும். இடிஎஸ் தரும் பவர்பிரெப் என்கிற மாதிரித் தேர்வுகளில் இரண்டு இலவசம். ஒன்றை ஆரம்பத்தில் எழுதுங்கள், இன்னொன்றைத் தேர்வுக்குப் பத்து நாள் முன்னால் வரை தொடாதீர்கள். நான் முதல் முறை இரண்டையும் ஒரே வாரத்தில் எழுதித் தீர்த்துவிட்டேன், அது பெரிய நஷ்டம்.

நேரம். வெர்பல் முதல் பகுதி 12 கேள்வி, 18 நிமிடம். இரண்டாவது 15 கேள்வி, 23 நிமிடம். முதல் பகுதியை எப்படிச் செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இரண்டாம் பகுதி கடினமாகவோ எளிதாகவோ வரும், எளிதான பகுதி வந்தால் மேலே போகிற வழி குறைந்துவிடும். ஒரு பகுதிக்குள் முன்னும் பின்னும் போகலாம், கேள்வியைக் குறித்து வைத்துவிட்டுத் திரும்பி வரலாம். தப்புக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, எல்லாக் கேள்விக்கும் ஒரே எடை. இவ்வளவும் எனக்குத் தெரியும், தெரிந்தும் ஜனவரியில் ஒரு நீளமான பத்தியில் ஐந்து நிமிடம் மாட்டிக்கொண்டு, கடைசியில் இரண்டு கேள்விகளை வெற்றாக விட்டு வந்தேன். ஆகஸ்டில் முதலில் கோடு நிரப்புவதை எல்லாம் முடித்து, அப்புறம் சின்னப் பத்திகள், கடைசியாக நீளமான பத்தி என்று போனேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் எதிலும் நிற்கவில்லை.

கட்டுரை 30 நிமிடம், ஒரே ஒரு கட்டுரை, தேர்வில் முதலில் வருவது அதுதான். தலைப்புகளின் முழுத் தொகுப்பையும் இடிஎஸ் தன் தளத்தில் வெளியிட்டிருக்கிறது, அதிலிருந்துதான் வரும். பள்ளியிலும் கல்லூரியிலும் பட்டிமன்றம் பேசிய பழக்கம் எனக்கு உண்டு, அதனால் ஒரு கட்சியை எடுத்தால் எதிர்க்கட்சியைக் கண்டுகொள்ளாமல் அடித்துப் பேசுவேன். முதல் முறை அப்படித்தான் எழுதினேன், 3 வந்தது. ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே இரண்டு மூன்று வரியில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு குறிப்பு இருக்கும், 'உங்கள் கருத்து எந்தச் சூழலில் பொருந்தாமல் போகலாம் என்றும் சொல்லுங்கள்' என்கிற மாதிரி. அதைத்தான் பார்க்கிறார்கள். இரண்டாம் முறை பட்டிமன்ற நடுவர் போல எழுதினேன்: இந்தப் பக்கம் இவ்வளவு சரி, இந்த இடத்தில் செல்லாது, ஆகவே என் தீர்ப்பு இது. உதாரணத்துக்கு எங்கோ படித்த பெரிய மனிதர்களைத் தேடாமல், கண்மாய் தூர்வாருவதையும் என் வேலையில் பார்த்ததையும் எழுதினேன். தேர்வுத் திரையில் எழுத்துப்பிழை காட்டாது, அதனால் வீட்டிலும் சாதாரண நோட்பேடில் தட்டிப் பழகினால் நல்லது.

தேர்வு நாள் பற்றிக் கொஞ்சம். அசல் பாஸ்போர்ட் வேண்டும். நம் ஊரில் இனிஷியலால் வருகிற சிக்கல் பெரிது: சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, கணக்குத் தொடங்கும்போது பழக்கத்தில் இனிஷியலைப் போட்டுவிடுவோம். பாஸ்போர்ட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பதிவு செய்யுங்கள், உள்ளே விடாவிட்டால் கட்டிய பணம் போய்விடும். புதிய தேர்வில் இடைவேளை கிடையாது. வாட்ச், போன் எல்லாம் லாக்கரில் போய்விடும், நேரத்தைத் திரையில்தான் பார்க்க வேண்டும். மதிப்பெண்ணை இலவசமாக நாலு இடத்துக்கு அனுப்ப அன்றைக்கு வாய்ப்புத் தருவார்கள், எந்தத் துறைகள் என்று முன்பே முடிவு செய்து மனதில் வைத்துக்கொண்டு போனால் அங்கே தடுமாற வேண்டாம். மறுபடி எழுத 21 நாள் இடைவெளி போதும் என்று விதி இருக்கிறது, ஆனால் அதே படிப்போடு போனால் அதே எண்தான் வரும். மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும், அவசரப்படத் தேவையில்லை.

ஆகஸ்டில் 157ஐப் பார்த்துவிட்டு வெளியே வந்து முதலில் அப்பாவுக்குத்தான் போன் போட்டேன். "பாஸாத்தா?" என்று கேட்டார். இதில் பாஸ், ஃபெயில் கிடையாதுப்பா என்று சொல்ல வாயெடுத்தேன், பின்னால் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, பாஸ்தான்ப்பா என்று சொல்லிவிட்டேன்.